ஒண்ணாம் தேதி விதவை

— பஞ்சர் ஒண்ணு இல்ல தாட்சாயணி, ரெண்டு. ஒட்டு காயணும், பத்து நிமிசம் ஆவும். அங்க வெயில்ல நின்னுக்கினு இருக்காத, கிட்ட வா. அந்த லாரி டயரு மேல உக்காரு. ஒரு கதை சொல்றேன்.

— எட்டு மணிக்கு பேக்டரி கேட்டு மூடிடுவாங்க. உங்க கதை அதுக்குள்ள முடியுமா?

— உன் மாங்கா எங்கயும் ஓடிடாது, கேளு. சொல்றவன் பஞ்சர் கடை தணிகாசலம். கேக்கறவ மாங்கா ஜூஸ் பேக்டரி தாட்சாயணி. நடுவுல நான் பொய் சொன்னா இந்த ஒட்டு பிச்சிக்கட்டும்.

— ஐயோ, அப்ப நெசமாவே சொல்லுங்க. நான் அஞ்சு கிலோமீட்டர் மிதிக்கணும்.

— வடமாலபேட்டைக்குப் பக்கத்துல ஒரு ஊரு. அந்த ஊர்ல ஒருத்தன். அஞ்சு வயசுல ஜுரம் வந்து ஒரு காலு வளராம நின்னு போச்சு.

— தெரிஞ்ச ஆளு மாரி கீது.

— குறுக்கப் பேசாத. அவன் அண்ணன் வூட்ல இருந்தான். அண்ணன் கூலிக்குப் போறவரு, அண்ணிக்கு மூணு புள்ளைங்க. எல்லாரும் துன்னு முடிச்சப்பறம் சட்டியில மிச்சம் கீறது இவனுக்கு. அண்ணி மேல தப்பு சொல்லல, கேட்டியா? இருந்தாத்தானே போடறதுக்கு.

— சந்திரம்மா அக்காவத்தானே சொல்றீங்க?

— கதையில அண்ணிக்குப் பேரு கெடையாது. அவனுக்குங்கூட கெடையாது. வூட்ல ‘டேய்’, தெருவுல ‘நொண்டி’. அப்பறம் மூணு தபா திருப்பதி போயி டாக்டர் சர்ட்டிபிகேட்டு வாங்கினான், பென்சன் வந்துது. மொத மாசம் ஒண்ணாம் தேதி, காலையில ஆறு மணி கூட ஆவல. ஊரு சச்சிவாலய ஆபீசுலேர்ந்து ஒரு பொண்ணு பென்சன் காசோட வந்து கதவத் தட்டுது. ‘தணிகாசலம் காரு உன்னாராண்டி?’ இருக்காரான்னு தெலுங்குல கேக்குது.

— பேரு கெடையாதுன்னீங்க!

— அதான் சொல்ல வரேன். அன்னிக்கித்தான் அவனுக்குப் பேரு வந்துது. காரு! கலெக்டர கூப்பிடற மரியாதை. தெரு முழுக்கக் கேட்டுச்சு. அவன் கயிறு அவுந்த நிஜார புடிச்சிக்கினு வெளிய வந்து, ‘நான்தாம்மா அது’ங்கறான். வெரல் வெச்சான், கையில நோட்டு. அன்னிக்கி அந்த வூட்ல மொத டம்ளர் காபி யாருக்குப் போச்சு தெரியுமா?

— காசுக்காவக் குடுத்திருப்பாங்க.

— காசுக்காவத்தான். இருந்தா இன்னா? சூடா இருந்துதே! முப்பது வருசம் கழிச்சு சூடா ஒரு காபி. காசுல பாதிய அண்ணிகிட்ட குடுத்தான், பாதிய ஒதுக்கி வெச்சான். ஒரு வருசத்துல இந்தக் காத்தடிக்கிற மிசினு வாங்கினான். மெட்ராஸ் போற லாரிக்காரன்லாம் ‘அண்ணா, காத்து’ன்னு நிக்கறான். அவன் சாமி கும்பிடறப்ப ஒரு வார்த்தை சேத்துச் சொல்லுவான், ‘குடுத்தவங்க கையி நல்லா இருக்கட்டும்’னு.

— சரி, அத்த விடுங்க. பொம்பள இல்லாம ஒரு கதையா?

— வராளே. அந்த ஊர்லயே ஒருத்தி. வூட்டுக்காரன் போர் மோட்டாரு போடப் போயி கரண்டு இழுத்து செத்துட்டான். ஒரே பொண்ணு. அவ வூட்டுக் கதவையும் ஒண்ணாம் தேதி அதே பொண்ணு...

— அவ கதைய நான் சொல்றேன். எனக்குத்தான் நல்லாத் தெரியும். அவரு போனப்பறம் ஒரு வருசம் ஒரு சொந்தக்காரன்கூட அந்தக் கதவத் தட்டல. எங்க கைமாத்து கேட்டுடுவாளோன்னு பயம். தட்டின கையி சச்சிவாலயத்து ஷோபா கையி ஒண்டிதான். மாங்கா சீசனு ரெண்டு மாசம். மீதி பத்து மாசம் அந்தக் காசுலதான் ஒல கொதிச்சுது. இல்லன்னா பொண்ணு யாமினியும் என் பக்கத்துல ஒக்காந்து மாங்கா தோலு சீவிக்கினு இருந்திருக்கும். இப்ப திருப்பதி ஆஸ்டல்ல தங்கி நர்சு படிக்குது.

— பாத்தியா, நீயும் பேரு சொல்லிட்ட.

— சொன்னா சொன்னேன். வெளக்கேத்தறப்ப ஷோபாவுக்கும் சேத்து ஒரு கும்புடு போடுவேன் நான்.

— அது அரசாங்கக் காசத்தானே கொண்டாந்து குடுக்குது?

— இருக்கட்டும். கோழி கூவற நேரத்துல எழுந்து வருதே, அதுக்கு. நீங்க கதைய சொல்லுங்க.

— எங்க விட்டேன்? ஆங். அந்த ஊர்ல சின்னதுலேர்ந்து பெருசு வரைக்கும் அவன ‘அண்ணா’ன்னு கூப்பிடும். இந்தப் பொம்பள ஒண்டி ‘இன்னாங்க’ம்பா. அது ஒண்ணு. ரெண்டாவது, அவ சைக்கிளு மாசத்துக்கு மூணு தபா பஞ்சர் ஆவுது. தார் ரோடு கீறப்ப முள்ளு வழியாவே வரா.

— அது குறுக்கு வழி.

— அரை கிலோமீட்டர் சுத்து அது! சரி விடு. அவன் ஒண்ணு கேக்கணும்னு நெனைக்கறான். வாயி வரைக்கும் வருது, திரும்பி உள்ள போவுது. ஏன்னா...

— ஏன்னா அவளுக்கு வர நாலாயிரம் புருசன் இல்லாததுக்கு வர காசு. இன்னொருத்தன் தாலி கட்டினா நின்னுடும்.

— அதேதான்.

— அப்ப இங்கேர்ந்து நான் சொல்றேன். நேத்து உங்க அண்ணி அவ வூட்டுக்கு வந்தாங்க.

— எங்க அண்ணியா? தணிகை முருகன் மேல சத்தியமா எனக்குத் தெரியாது.

— தெரியாதுன்னு தெரியும். நல்ல மனசோடதான் வந்தாங்க. வெத்தல போட்டுக்கினு சொல்றாங்க, ‘அவனுக்கும் ஒரு தொணை வேணும், உனக்கும் வேணும். கோயில்ல சத்தம் போடாம கட்டிக்கோங்க, கையெழுத்து கிழுத்து வாணாம். மாசக் கடைசியில நீ உன் பழைய வூட்டுக்குப் போயிடு. ஒண்ணாம் தேதி காலையில தாலிய அவுத்து அரிசிப் பானையில வெச்சிடு. ஷோபா வெரல் வாங்கிக்கினு போனதும் எடுத்துக் கட்டிக்கோ. மாசத்துல ஒரே ஒரு காலைதான் நீ விதவை. அவன் பென்சன் ஆறு, உன்னுது நாலு, ஆக பத்தாயிரம்.’

— அப்ப நான்?

— மாசாமாசம் ஒண்ணாம் தேதி சாவணும். எட்டு மணிக்கு மேல எழுந்துக்கலாம்.

— காபி உண்டா?

— சிரிக்காதீங்க. நேத்தெல்லாம் என் மனசு ஒரு எடத்துல இல்ல.

— ஒரு நிமிசமாவது சரின்னு தோணுச்சா? நெசம் சொல்லு.

— தோணுச்சு. ஆஸ்டலு, சாப்பாடு, பஸ்ஸுன்னு யாமினிக்கு அந்தக் காசு அப்படியே போவுது. சரின்னே வெச்சிக்கினேன். அப்பறம் அந்த அரிசிப் பானையப் பாத்தேன். ஒரு தபா என் கழுத்துலேர்ந்து நெசமா அவுத்தாங்க, எட்டு பொம்பளைங்க சுத்தி நின்னு. அத நான் மாசாமாசம் வெளையாட்டுக்குச் செய்வேனா? உங்கள உயிரோட வெச்சிக்கினு? அதுவும் யாருகிட்ட? யாரும் தட்டாத கதவ தட்டினாளே, அவ மூஞ்சியப் பாத்தா பொய் சொல்றது?

— நல்லது. அப்ப முடிவ நான் சொல்றேன், அது என் கதைதானே. அவன் வாணாம்னுட்டான், கேட்டியா? அந்த நாலாயிரம் அந்தப் பொண்ணு படிப்பு. இன்னும் ரெண்டு வருசம் கீது. முப்பத்தெட்டு வருசம் தனியா இருந்தவனுக்கு ரெண்டு வருசம் பெருசா? அது நர்சாவட்டும், அப்பால அவன் வாயத் தெறப்பான்.

— அது வரைக்கும்?

— பஞ்சர் ஒட்டுவான். ரெண்டு வருசம் நீ முள்ளு வழியாவே வா.

— இதான் முடிவா?

— இதான். வருத்தம் இல்ல தாட்சாயணி, சத்தியமா இல்ல. சட்டியில மிச்சம் துன்னவனுக்கு ஒரு கடை, ஒரு பேரு, கதை கேக்க ஒரு ஆளு. இதுவே ஜாஸ்தி. எழுந்துரு, ஒட்டு காஞ்சிடுச்சு. பொறுமையா கேட்ட மகராசி, உன் வூடு நல்லா இருக்கணும். அடுப்புல ஒல கொதிக்கணும், பொண்ணு வெள்ள கோட்டு போட்டுக்கினு படியேறி வரணும், ஒண்ணாம் தேதின்னா உன் கதவத் தட்டற கையி ஓயாம இருக்கணும்.

— அந்தக் கதவ இனிமே தட்டமாட்டாங்க.

— இன்னா சொல்ற?

— இன்னிக்கி ஒண்ணாம் தேதி. காலையில ஷோபா வந்து மிசின நீட்டுச்சு. நான் வெரல் வெக்கல. ‘இத்தினி வருசம் குடுத்தது போதும்மா, நல்லா இரு. என் பேர எடுத்துடு. எனக்கு வூட்டுக்காரரு வந்துட்டாரு’ன்னேன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலா?

— நீங்க எப்ப என்கிட்ட கேட்டீங்க? ரெண்டு வருசமா பஞ்சர்தான் ஒட்டறீங்க.

— ஷோபா இன்னா சொல்லிச்சு?

— ‘திரும்ப ஏத்தறது கஷ்டம்க்கா, நல்லா யோசிச்சியா’ன்னு மூணு தபா கேட்டுச்சு. அப்பறம் மிசின கீழ வெச்சிட்டு என் ரெண்டு கையையும் புடிச்சிக்கிச்சு.

— யாமினி படிப்பு?

— சீசன் முடிஞ்சதும் இட்லி குண்டான் ஒண்ணு தூக்கிக்கினு வந்து இந்தக் காத்து மிசினு பக்கத்துலயே போடறேன். லாரிக்காரன் காத்து புடிக்கற நேரத்துல ரெண்டு இட்லி துன்னுட்டுப் போவட்டும். உங்க ஆறாயிரம் அண்ணிக்குப் பாதி போனாலும் மீதி கீதே. ரெண்டு பேரும் கீறோம், ஓட்ட மாட்டோமா?

— எனக்கு எதுனா ஆச்சுன்னா?

— அப்ப ஷோபா திரும்ப வரட்டும். அவசரம் இல்ல.

— யாமினிக்குத் தெரியுமா இதெல்லாம்?

— நேத்து சாயந்திரம் போன்ல சொன்னேன். அப்பால ஒண்ணு கேட்டுச்சு.

— இன்னா கேட்டுச்சு? சொல்லு.

— ‘நைனாவுக்கு ரெண்டு காலும் ஒரே அளவு இல்லியேம்மா, நான் ரெண்டு ஜோடி செருப்பு வாங்கிக்கினு வரேன், எந்தக் காலுக்கு எந்த சைசுன்னு கேட்டுச் சொல்லு’ன்னுச்சு. அதக் கேக்கத்தான் வந்தேன். சொல்லுங்க.