இரண்டாம் வரிசை கிழக்கிலிருந்து

வயலில் வேலை செய்கிறவர்கள் சும்மா திரும்பி நடக்க மாட்டார்கள், சார். உழுகிறவன் கடைசி வரப்புக்குப் போனதும் மாட்டைத் திருப்பி அங்கிருந்தே உழுதுகொண்டு வருவான். நடுகிறவளும் அப்படித்தான். முதல் வரிசையை மேற்கிலிருந்து கிழக்கே நட்டால், இரண்டாம் வரிசையைக் கிழக்கிலிருந்து மேற்கே நட்டுக்கொண்டு வருவாள். இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் மறந்தது ஒரே ஒரு நாள்தான்.

ஜப்பானிலிருந்து வந்த கடிதத்தைப் போன வாரம் எனக்கு வாசித்துச் சொன்னீர்கள். நாம் கம்ப்யூட்டரில் ஏற்றின விவரத்தில் பாதி, அதே பெயரில் அவர்களிடம் இருக்கிற நெல்லோடு ஒத்துப்போகவில்லை என்று எழுதியிருந்தார்கள். "என்ன நடந்ததுன்னு தெரிஞ்ச வரைக்கும் எழுதிக் கொடு பூதலிங்கம்" என்று இந்த நோட்டைக் கொடுத்தீர்கள். எழுதுகிறேன். என் எழுத்து பையத்தான் வரும்.

நான் எழுத்துப் படித்தது நாற்பத்திரண்டு வயசில், சேரன்மகாதேவி அறிவொளி வகுப்பில். ஆரம்பத்தில் முதல் வரியை எழுதி முடித்ததும் அங்கிருந்தே திரும்பி இரண்டாம் வரியை வலமிருந்து இடமாக எழுதுவேன். உழுத கை. வாத்தியாரம்மா சிரிப்பார்கள். வரி முடிந்தால் மறுபடி இடப்பக்கம் வரணும், எல்லா வரிக்கும் அதுதான் சட்டம் என்பார்கள். அந்தச் சட்டம் கையில் படிய ஆறு மாசம் ஆனது. பிறகு மறக்கவே இல்லை.

நம் நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் எழுதப் படிக்கத் தெரிந்த கூலியாள் நான் ஒருவன்தான் ஆனேன். ஆஸ்பத்திரிச் சீட்டு, பஸ் போர்டு, மருந்து டப்பா எல்லாம் என்னிடம்தான் வரும். நம்மிடம் நாற்று நடுகிற கனியையும் வகுப்புக்குக் கூப்பிட்டேன். "எனக்கு எதுக்குண்ணே? நீங்க வாசிச்சுச் சொல்லுங்க, நான் கேட்டுக்கிடுதேன்" என்றாள். அவள் புருஷனை இழந்தவள். ஒரே மகளை நாங்குநேரியில் கட்டிக்கொடுத்திருந்தாள். நாற்றைத் தொட்டே இன்ன நெல் என்று சொல்வாள். அது உங்களுக்கே தெரியும்.

தொண்ணூற்றாறு பிசானப் பருவத்தில் இருநூற்று நாற்பது ரகம் நட்டோம். பத்து வரிசை, வரிசைக்கு இருபத்துநாலு. நட்டவள் கனி. நீங்கள் டெல்லிக்குப் போயிருந்தபோது கால்வாய்த் தண்ணீர் வயலில் ஏறி நம்பர்க் குச்சிகளை எல்லாம் அடித்துக்கொண்டு போனது. பயிர் நின்றது, நம்பர் போய்விட்டது. நான் பட்டியலை வைத்துக்கொண்டு தனியாகவே புதுக் குச்சி எழுதி நட்டேன். மேற்கே தொடங்கி கிழக்கே முடித்தேன். அடுத்த வரிசைக்கு மறுபடி மேற்கே வந்தேன். எல்லா வரிசைக்கும் அப்படியே.

நீங்கள் வந்து பார்த்து, "அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றீர்கள். அந்தக் குச்சியைப் பார்த்துத்தான் இலை கிள்ளி ஐஸ் பெட்டியில் சோதனைக்கு அனுப்பினோம். அறுப்புக்கும் அதே நம்பர்தான். கனி அந்த மாசம் மகள் பிரசவத்துக்குப் போயிருந்தாள்.

மறு வருஷம் ஆவணியில், ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற மதுமதியம்மா என்னை உள்ளே கூப்பிட்டது. போன் வழியாகக் கம்ப்யூட்டர் கீச்கீச்சென்று கத்தி ஓய்ந்தது. நெல், சோளம், கம்பு, கோதுமை எல்லாம் புல் வம்சம்தான், அதுகளின் ஜாதகம் எல்லாம் இந்த ஒரே இடத்தில் இருக்கிறது, எந்த ஊரில் இருந்தும் பார்க்கலாம் என்று சொன்னது. அப்புறம் கண்ணாடியில் விரல் வைத்து, "அண்ணாச்சி, இது என்னன்னு தெரியுதா? சேகரித்தவர், பூதலிங்கம். உங்க பேரு" என்றது. இருநூற்று நாற்பது இடத்திலும் இருந்தது. இங்கிலீஷ் எழுத்து. அந்த வடிவத்தைப் பீடிக்கட்டுக் காகிதத்தில் பார்த்து வரைந்துகொண்டேன். இப்போதும் சட்டைப்பையில் இருக்கிறது.

கனி கேலி செய்தாள். "என்னண்ணே, பேரு அமெரிக்கா போயிட்டாமே. அங்கன களை எடுக்க ஆளு கேட்டா நம்மளச் சொல்லுங்க."

அந்தப் பிசானத்தில் அதே ரகங்களை மறுபடி நட்டோம். நான் நம்பரை வாசித்து நாற்று முடியைக் கொடுக்க, அவள் நட்டாள். இருபத்தாறைக் கொடுத்தபோது குனிந்தவள் நிமிர்ந்தாள்.

"இது இருபத்தாறு இல்லண்ணே. கணு செவந்திருக்கு. போன வருசம் இத நான் இந்த வரிசை முடியப் போற இடத்துலல்லா நட்டேன்."

"பட்டியல்ல அப்படித்தான் இருக்கு. நடு."

அவள் சேற்றுக் கையோடு விரல் விட்டு எண்ணினாள். பிறகு சிரித்துவிட்டாள். "வெள்ளத்துக்குப் பெறவு குச்சி போட்டது நீங்கதான? எல்லா வரிசைக்கும் மேக்க இருந்தே போட்டுட்டியளா? நான் கிழக்க இருந்து திரும்பி வந்தேனே, மறந்துட்டியளே. சரி விடுங்க. சார் திங்கக்கிழமை வரட்டும், சொல்லிருவோம். ஒண்ணு விட்டு ஒரு வரிசையத் திருப்பிப் போட்டா முடிஞ்சு போச்சு."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் இரண்டு வருஷ உழைப்பு கெட்டுப்போகும் என்று எனக்குப் பட்டது. உங்களுக்காகத்தான் யோசித்தேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் யோசித்தேன்.

விதை அறையில் வெள்ளிக்கிழமைதான் பூச்சிக்கு மாத்திரை வைத்தோம். வயலில் நின்ற கனிக்கு வைத்த நாள் தெரியாது. கதவில் பலகை மாட்டினேன். 'மருந்து வைத்த அறை. வியாழன் வரை யாரும் உள்ளே போகக் கூடாது.' எழுத்தில் தப்பே கிடையாது. பிறகு இன்ஸ்பெக்டரும் அதைப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாத பொம்பிளை, போர்டு இருந்தும் போய்விட்டாள் என்று எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் கால்வாய்ப் பக்கம் சோறு தின்னப் போயிருந்தார்கள். போன வருஷத்துக் கதிர் உள்ளே பையில் இருக்கும், அதை எடுத்து வைத்தால் சாருக்குக் காட்டலாம் என்று சொன்னது கனிதான். நான் சொல்லவில்லை. கதவருகே நின்று, "மருந்து நாளு முடிஞ்சிட்டாண்ணே? பலகைல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

நான் பலகையைப் பார்த்து வாசித்தேன். "நேத்தோட முடிஞ்சிட்டு."

கதவைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தாள். "உவரி மீன்காரி கூடைய உள்ள வச்சிட்டுப் போயிட்டாளா, இந்த நாத்தம் அடிக்கு?"

"எலி செத்துக் கெடக்கும். அடித்தட்டுல பாரு."

போனாள். இவ்வளவுதான் என்று ஒன்றரை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு சொல் தப்பாக வாசித்தேன், அவ்வளவுதான் என்று. ஆனால் மருந்து வைத்த அறைக் கதவிடுக்கில் காகிதம் ஒட்டியிருப்போம். ஒட்டியிருந்தால் படிக்காதவளுக்கும் தெரிந்திருக்கும். அதை அன்று காலையிலேயே நான் உரித்துவிட்டேன். யாரும் அதைக் கேட்கவில்லை.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதும் நான்தான். அவள் காற்று என்று நினைத்தாள். "அண்ணே, கதவு அடச்சிட்டு. பையத் தள்ளுங்க" என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. நான் வெளியில் இருக்கிறேன் என்ற தைரியம். பிறகு இருமினாள். பிறகு தட்டினாள். நான் பலகையைப் படித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு எழுத்தாக, இடமிருந்து வலமாக. முடிந்ததும் மறுபடி இடப்பக்கம் வந்தேன். எத்தனை தடவை என்று தெரியாது. தட்டுவது நின்ற பிறகும் படித்தேன். ஆட்கள் திரும்பி வருகிற பேச்சுக் கேட்டதும் தாழ்ப்பாளை எடுத்தேன். நான்தான் முதலில் கத்தினேன்.

அதற்குப் பிறகு நீங்கள் பலகையில் மண்டை ஓட்டுப் படம் போடச் சொன்னீர்கள். நான்தான் வரைந்தேன்.

நட்ட வயலில் இப்போது என்னால் நம்பர் பார்க்க முடியவில்லை, சார். முதல் வரிசையில் ஒன்றும் இல்லை. இரண்டாம் வரிசைக்கு மேற்கே வந்து காலை வைத்தால், கிழக்கே யாரோ சேற்றிலிருந்து காலை உருவுகிற சத்தம் கேட்கும். நான் ஒரு எட்டு வைத்தால் அங்கே ஒரு எட்டு. இருபத்தைந்து, இருபத்தாறு என்று நான் சொல்ல, அதே நம்பரை அந்தப் பக்கத்திலிருந்தும் சொல்கிற மாதிரி இருக்கும். நடுவில் வந்ததும் நான் வரப்பில் ஏறிவிடுவேன். மூன்றாம் வரிசையில் ஒன்றும் இருக்காது.

இந்த நோட்டை ஸ்டேஷனில் கொடுப்பதானால் கொடுங்கள். நான் பம்ப்செட் அறையில்தான் இருப்பேன். எங்கேயும் போகமாட்டேன்.

கம்ப்யூட்டரில் திருத்த வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு, நாலு, ஆறு, எட்டு, பத்து, இந்த ஐந்து வரிசையையும் கிழக்கிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். கனி சொன்னது சரி. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், மதுமதியம்மாவுக்கு ஒரு நாள் வேலைகூட இல்லை.

சேகரித்தவர் என்று போட்டிருக்கிற இடத்தில் தப்பு எதுவும் இல்லை, சார். அதை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள்.