பதினேழு சங்கரா

அன்று கட்டுமரத்தில் மூன்று பேர் இருந்தோம். துடுப்பைப் பிடித்து ஓட்டியவன் பெலார்மினோ ஆகிய நான். முன்பக்கம் என் தம்பி அனிசேத்தோ. பாய்க்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவன் தெல்மிரோ, என் மகள் இடால்வாவின் கணவன். வேறு எவரும் இல்லை. காற்று நன்றாக இருந்தது. எங்கள் ஊர் பெத்ரிஞ்யாவில் ஆகஸ்ட் மாதக் காற்றை யாரும் குறை சொல்வதில்லை.

முதல் தடவை நீங்கள் விசாரித்தபோது வேறு மாதிரி சொன்னேன். பெரிய அலை ஒன்று இருவரையும் வாரிக்கொண்டு போனது என்றேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அதன்பிறகு ஊரில் பேச்சு மாறியது. கிழவனுக்குக் கண் மங்கிவிட்டது, அலை வருவது தெரியாமல் கட்டுமரத்தைக் குறுக்கே விட்டுவிட்டான் என்கிறார்கள். நாற்பத்தொரு வருடமாக நான் தலைவன். என் கட்டுமரம் ஒரு நாளும் அலைக்குக் குறுக்கே நின்றதில்லை. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. அதனால்தான் நானே வந்தேன்.

நீங்கள் மாடு மேய்க்கும் உள்நாட்டிலிருந்து வந்தவர், ஐயா. ஒன்றை விளக்க வேண்டும். கடலில் மூவர் பிடிப்பதும் ஒரே கூடைக்குத்தான் போகும். யாருடைய மீன் எது என்று தெரிவதற்காக, தூண்டிலிலிருந்து கழற்றியதும் அவரவர் வெட்டைப் போட வேண்டும். அனிசேத்தோ வால் நுனியை நறுக்குவான். தெல்மிரோ செவுளில் ஒரு கீறல் போடுவான். தலைவன் மட்டும் வெட்டுவதில்லை. வெட்டில்லாத மீன் தலைவனுடையது. கரையில் கூடையைக் கவிழ்த்து மூன்று குவியலாகப் பிரிப்போம். ஊரே நின்று பார்க்கும். தலைவனின் குவியல் சிறுத்துப்போனால் அவன் துடுப்பை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். என் அப்பா இறந்த அன்று காலையில்கூட அவர் குவியல்தான் பெரியது.

அன்று சங்கரா நன்றாகக் கடித்தது. மரவள்ளி மாவும் வெல்லக்கட்டியும் தின்றுவிட்டு மறுபடி தூண்டில் போட்டோம். தெல்மிரோ ஒரு மீனைக் கழற்றி, வெட்டாமலேயே கூடைக்குள் போட்டான். மறந்துவிட்டான் என்று நினைத்தேன். அடுத்ததையும் அப்படியே போட்டான்.

"மாப்பிள்ளை, வெட்டு போடலையே."

"போடுறேன் மாமா."

போடவில்லை. கூடையைத் திறந்தேன். பதினேழு மீன்கள். ஒவ்வொன்றின் வாலையும் செவுளையும் பெருவிரலால் தடவினேன். ஒன்றிலும் வெட்டு இல்லை.

"என்ன இது?"

"விடுண்ணே," என்றான் அனிசேத்தோ. "வெயில் மண்டையைப் பொளக்குது. ஒரு வாய் சாராயம் குடி."

"நான் மாப்பிள்ளையைக் கேட்டேன்."

தெல்மிரோ சிரித்தான். சிரித்த முகக்காரன்தான், குறை சொல்ல மாட்டேன்.

"இன்னிக்கு நேத்தா நடக்குது மாமா? ரெண்டு வருஷமா இப்படித்தான். 'அப்பா மனசு நொந்துபோயிடும், நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெட்டாம விடுங்க'ன்னு இடால்வாதான் கேட்டுக்கிட்டா. முதல்ல ஒண்ணு ரெண்டு விட்டோம். இப்ப வெட்டுறதே மறந்துபோச்சு."

"ஊருக்குத் தெரியுமா?"

"கூடையைக் கவுக்கிறப்ப எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி இருமுறாங்களே, ஊருக்கே சளி பிடிச்சிருக்குன்னா நினைச்சீங்க?"

"வாயை மூடு தெல்மிரோ," என்றான் தம்பி.

இதில் என்னுடையது எது என்று கேட்டேன். தெல்மிரோ கூடைக்குள் துழாவி, ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஒன்றை எடுத்துக் காட்டினான்.

"இதோ. குட்டி அழகாத்தான் இருக்கு."

நான் நேர்மையானவன். பொய்க் குவியல் எனக்கு வேண்டாம், உள்ளபடி வெட்டு என்றேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுக் கத்தியை எடுத்தான்.

"சரி மாமா. நாளையிலேருந்து துடுப்பு சின்ன மாமாகிட்ட. ஊருக்கும் இருமல் நிக்கும்."

முதல் மீனை மடியில் வைத்துச் செவுளைத் தூக்கினான். மீன் மண்டையில் அடிக்கும் கட்டை என் காலடியில் கிடந்தது. சங்கராவுக்கு ஒரு அடி போதும். அவனுக்கு மூன்று தேவைப்பட்டது. கத்தி மீன்மேல் படவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டேன்.

அனிசேத்தோ இரண்டு கைகளையும் தூக்கினான்.

"அண்ணே, நான்தான். அனிசேத்தோ."

ஆள் யாரென்று எனக்குத் தெரியவில்லை என்று நினைத்துவிட்டான். கூடப் பிறந்தவனே அப்படி நினைத்ததுதான் எனக்கு வருத்தம். அடி தோளில் பட்டுக் கடலில் விழுந்தான். மரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் பெயரைச் சொன்னான், அம்மா பெயரையும் சொன்னான். விரல்களில் அடித்தேன். இடது கை சீக்கிரம் விட்டது. வலது கைக்குக் கத்தி வேண்டியிருந்தது.

நங்கூரக் கல்லைத் தெல்மிரோவின் இடுப்பில் கட்டி இறக்கினேன். பலகைகளைக் கழுவினேன். பாயை நனைத்து ஏற்றினேன். தம்பி கூப்பிடுவது கொஞ்ச நேரம் கேட்டது. கரை வெகு தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அவ்வளவு தூரம் அந்தக் கையோடு யாரும் நீந்த முடியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று பேர் ஓட்டும் கட்டுமரத்தைத் தனியாளாக ஓட்டி, கரையலையை நேராகக் கிழித்து மணலில் ஏற்றினேன். பார்த்தவர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

இடால்வா ஓடி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கூடையைத் திறந்து, ஒவ்வொரு மீனாக எடுத்து, வாலையும் செவுளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். எனக்குக் கோபம் வருவதில்லை. குடும்பத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது; அதைக் காப்பாற்ற வேண்டியவன் நான்.

ஊரில் இன்னொரு பேச்சும் இருக்கிறது. அன்று கரைக்கு வந்த மீன்களில் பெரும்பாலானவை செத்துப்போன இருவர் பிடித்தவை என்கிறார்கள். என் மகளும் அப்படியே சொன்னதாகக் கேள்வி. அது தவறு. ஒரு மீனிலும் வெட்டு இல்லை. பதினேழும் நான் பிடித்தவை.