மாப்பிள்ளைத் தோழன்

லண்டன் நோர்பரியில் 109 பஸ்ஸில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் அமர்ந்தார்கள். மடியில் கலியாண அழைப்பிதழ்க் கட்டு வைத்திருந்தவர் பெருமூச்சு விட்டார்.

"முருகன் புண்ணியத்தில, மகன்ர ஆள் நல்லாத் தோத்துப்போச்சு."

"என்னக்கா, தோத்ததுக்கோ சந்தோசம்?"

"அவன் அமெரிக்காவில செனட் எலெக்ஷனில நிண்ட ஒரு ஆளுக்கு வேலை செய்யிறானெல்லே. அந்த மாநிலத்தில ஒருத்தருக்கும் பாதிக்கு மேல வாக்கு விழாட்டி, ஒரு மாசத்தால திரும்ப எலெக்ஷனாம். அது சரியா மகளின்ர கலியாணக் கிழமைக்குள்ள வருது. லீவே குடுக்கமாட்டினமாம்."

"ஐயோ! பொம்பிளையின்ர தம்பியெல்லோ தோழனா நிக்கவேணும்? பிறகு ஆர் மாப்பிள்ளைக்குக் கால் கழுவுறது?"

"அதுதானே. அவளுக்கு ஒரே தம்பி. பெரியப்பான்ர பெடியனைத் தோழனா நிப்பாட்டுவம் எண்டு இவர் சொல்ல, அவள் மூண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடேல்லை. இப்ப மற்ற ஆள் பாதியைத் தாண்டிட்டார். ஒரேயடியா முடிஞ்சுது."

"உங்கட மகன்ர ஆள் எப்பிடி?"

"நல்ல மனுசனாம். பாவம்."

ஸ்ட்ரெதம் வரும்போது அவருடைய போன் அடித்தது. அழைப்பிதழ்க் கட்டை மற்றவரிடம் கொடுத்துவிட்டு, முகத்தைக் கவலையாக்கிக்கொண்டுதான் எடுத்தார்.

"ஓம் ராசா, கேள்விப்பட்டனான். எனக்கும் சரியான கவலை. என்ன செய்யிறது, நீ உன்னால ஏலுமானதைச் செய்தனி..."

மற்றவரின் மடியிலிருந்த அழைப்பிதழ்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அது சரி, உனக்கு ஒட்டுற வேட்டி எடுக்கிறதோ, கட்டுற வேட்டி எடுக்கிறதோ?"