பாப்பாவை எங்கே வைப்பது

ஓசியில் இடம் கொடுக்கிறவனை நம்பக் கூடாது மேடம். மாடி அக்கா போனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்த அன்றைக்கு நான் முதலில் சொன்னது அதுதான். இன்றைக்கும் அந்தக் கருத்தில் எனக்கு மாற்றமில்லை.

எங்கள் கட்டடத்தில் எனக்குப் பெயர் சிசிடிவி. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு சொல்வார்கள். யார் வீட்டில் புது ஃபிரிட்ஜ் இறங்கியது, யார் வீட்டு மாப்பிள்ளை கொஞ்ச நாளாகக் கண்ணில் படவில்லை, எல்லாம் என்னிடம் இருக்கும். கேமராவிலாவது பழையதை அழித்துவிட்டுத்தான் புதியது ஏறும். என்னிடம் எதுவும் அழியாது.

அக்காவுக்கு ஒரே மகள். பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். முப்பதை நெருங்கியும் எங்களுக்கெல்லாம் அவள் பாப்பாதான். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்; திரும்பி வரவில்லை. அதில் என் பங்கு எதுவும் கிடையாது, எழுதிக்கொள்ளுங்கள். அவள் விட்டுப்போனதெல்லாம் அக்காவின் போனுக்குள் இருந்தது. போட்டோக்கள், வீடியோக்கள், வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது பேசி அனுப்பிய குரல் செய்திகள். போன் நிரம்பி, திறக்கவே மூச்சு வாங்கியது.

"எங்கயாவது பத்திரமா வெச்சுக் குடும்மா. எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்றார்.

இணையத்தில் போட்டோ, வீடியோ சேமித்து வைக்கிற இடம் தேடி, வாடகைக்கு வீடு பார்க்கிற மாதிரி அலைந்தேன். மொபைல் கடைக்காரரை விசாரித்தேன். மூன்றாவது மாடி ஐடி மாப்பிள்ளையைப் படிக்கட்டிலேயே மடக்கிக் கேட்டேன். போனோடு கூடவே வருவது ஒன்று இருந்தது. இலவசம்தான், ஆனால் ஒண்டுக்குடித்தனம். மெயில், வாட்ஸ்அப், போட்டோ எல்லாம் ஒரே அறையில் முட்டிக்கொள்ளும். இன்னொன்று ஆபீஸ்காரர்களுக்கானது. ஃபைல்களை அடுக்குவதில் கெட்டி, வீடியோவைத் தொட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்றாவது மகா தாராளம். எவ்வளவு கொட்டினாலும் வாங்கிக்கொள்ளும், ஆனால் எல்லாவற்றையும் நசுக்கிவிடும். ஒரு படத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். பாப்பாவின் கன்னத்து மச்சத்தைக் காணோம்.

நான்காவது, கண்ணாடி மாதிரி. போனில் வெறும் நிழல் தங்கும். தொட்டால் முழுசும் அங்கிருந்து வரும், தரம் குறையாது. கெட்ட குணம் ஒன்றுதான். ஒரு பக்கம் அழித்தால் எல்லாப் பக்கமும் அழிந்துவிடும்.

நான்காவதைத்தான் தேர்ந்தெடுத்தேன். மச்சம் இருந்தது, அதனால். நல்ல எண்ணம்தான் மேடம். அக்காவுக்கு ஓடிபி பார்த்து அடிக்க வராது, ஆகவே கணக்குத் தொடங்க என் நம்பரைக் கொடுத்தேன். ஒழுங்காக ஏறுகிறதா என்று பார்க்க என் டேப்லெட்டிலும் திறந்து வைத்தேன்.

"என் பொண்ணு எங்கயும் போயிட மாட்டாளே?"

"போன் தண்ணில விழுந்தாக்கூட பாப்பா இருப்பா, அக்கா."

அதுவரை அக்கா தினமும் சாயங்காலம் கீழே இறங்கி வருவார். அழுவார், பேசுவார், என் கையால் டீ குடிப்பார். எனக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டுக்காரருக்குப் பேச்சுத் துணை செய்தித்தாள்தான். பாப்பா வருஷவாரியாக அடுக்கப்பட்ட பிறகு அக்கா வருவது நின்றுபோனது. நானே மேலே போய்த் தட்டினால், காதில் ஹெட்போனோடு பாதிக் கதவைத் திறப்பார்.

"அப்புறம் வரேம்மா. பாப்பா பேசிட்டு இருக்கா."

ஒரு மனுஷி செத்துப்போன பிள்ளையோடு கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவது நல்லதா, நீங்களே சொல்லுங்கள். யாராவது வெளியே கொண்டுவர வேண்டுமே.

முதலில் ஒரே ஒரு வீடியோ. கண் எரியக் கூடாதென்று பாப்பா நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்குவாள். எனக்குத் தனியாக ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுத்தான் அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அழித்தது அங்கே கொஞ்ச நாள் கிடக்கும். நிறையப் பேருக்கு இது தெரியாது.

மறுநாளே அக்கா இறங்கி வந்தார். "வெங்காய வீடியோவைக் காணோம்மா. நீகூடப் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சியே."

"நீங்க சொல்லித்தான் கேட்டிருக்கேன் அக்கா. வீடியோ ஒண்ணும் நான் பார்க்கலையே."

என் முகத்தையே பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். "நீங்க சொன்னதை நானே திருப்பிச் சொல்லட்டுமா?" என்று ஆரம்பித்தேன். நான் சொல்லச் சொல்லச் சிரித்தார். டீ இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்.

அதற்குப் பிறகு நான் அவசரப்படவில்லை. பிறந்தநாள், புது ஸ்கூட்டர், கடற்கரை, ஒவ்வொன்றாகப் போனது. ஒவ்வொன்றுக்கும் அக்கா இறங்கி வந்தார். அவருக்கு மறதி என்று கட்டடத்தில் பேச்சு கிளம்பியது. கிளப்பியது யார் என்று கேட்பீர்கள். நான்தான். டாக்டரிடம் அழைத்துப் போனதும் நான்தான். "இல்லாத வீடியோவைத் தேடுறாங்க டாக்டர்" என்றேன். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். திரும்பும் வழியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ இல்லேன்னா எனக்கு என் பொண்ணே மிஞ்சியிருக்க மாட்டாம்மா" என்றார். அந்த வார்த்தைக்கு நான் எதுவும் செய்யலாம்.

குரல்களைக் கடைசியாக எடுத்தேன். அவை போய் வெகுநாள் கழித்து அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார். "அவ குரல் எப்படிம்மா இருக்கும்?"

பாப்பாவுக்கு மெல்லிய குரல். சிரித்தால் கீச்சென்று மேலே ஏறும்.

"கொஞ்சம் கட்டைக் குரல் அக்கா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், சும்மாதான். ஒட்டிக்கொள்கிறதா என்று பார்த்தேன். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஆமா, கட்டைதான்" என்றார்.

அக்காவின் தம்பி மகள் ஊருக்கு வந்து, போனை நோண்டிப் பார்த்து, உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுக்காமல் இருந்திருந்தால் நீங்கள் இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம். எதை, எந்தக் கருவியிலிருந்து அழித்தார்கள் என்று அந்தக் கணக்கிலேயே பதிவாகுமாம். நான்கையும் அத்தனை அலசி ஒப்பிட்ட நான், பார்க்காமல் விட்டது அதை மட்டும்தான்.

ஆனால் எதுவும் தொலையவில்லை மேடம். எல்லாம் என் டேப்லெட்டில், மச்சத்தோடு இருக்கிறது. சாயங்காலமானால் ஒன்றைப் போட்டுக் கேட்பேன். "அம்மா, கதவைப் பூட்டினியா? நான் வர லேட்டாகும்." வீட்டுக்காரர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "யாரு?" என்பார். "பாப்பா" என்பேன். பக்கத்தைத் திருப்புவார். நான் எழுந்து போய்க் கதவைப் பூட்டுவேன்.

நேற்று அதை நீங்கள் அக்காவுக்குப் போட்டுக் காட்டினீர்களாம். முழுசாகக் கேட்டுவிட்டு, "இது என் பொண்ணு இல்லைங்க, அவளுக்குக் கட்டைக் குரல்" என்று டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அப்படியானால் இது யார் என்று காலையிலிருந்து என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

என் மகள். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் என்னை அனுப்பிவிட்டால் நல்லது. கதவைப் பூட்டினேனா என்று கேட்பாள்; பதில் வராவிட்டால் பிள்ளை பயந்துவிடும்.