நதானியேல் மாஸ்ரரின் பனங்கட்டி

தம்பி யதுசன், எனக்குத் தேத்தண்ணி வேண்டாம், இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன். சீட்டாட்டத்தில் வாய் திறக்காத ஆட்களை எப்படி வெல்வது என்று, போட்டிக்குப் புதிதாக வரும் பொடியளுக்கு நான் சொல்லவேண்டும் என்று கழகச் செயலாளராகிய நீர் கேட்கிறீர். சொல்கிறேன். கூட்டத்தில் பாதியைத்தான் சொல்வேன். மிச்சம் உமக்கு மட்டும்.

முந்நூற்றி நாலு ஆட்டத்தில் வாய்க்காரன் எளிய எதிரி. இத்தனை புள்ளி எடுப்பேன் என்று எதற்கும் உயர்த்திக் கேட்பான். இரண்டு ஆட்டத்தில் ஆளை அளந்துவிடலாம். கேளாமல் இருக்கிறவன்தான் வில்லங்கம். நதானியேல் மாஸ்ரர் அப்படிப்பட்டவர். பெரிய சீட்டெல்லாம் கையில் இருக்கும், "நான் கேக்கேல்லை" என்று பணிவாகச் சொல்லிவிட்டு இருப்பார். நாம் துணிந்து கேட்டால், அவற்றை ஒவ்வொன்றாக இறக்கி நம்மைக் கவிழ்ப்பார். பிறகு மன்னிப்பும் கேட்பார். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? சித்திரைப் போட்டியின் இறுதியாட்டத்தில் வருடா வருடம் எனக்கு இதே கதை. தோல்வியை விட அந்த மன்னிப்புத்தான் எனக்குக் கூடுதலாக எரிந்தது.

இப்படியானவரிடம் வெற்று மிரட்டல் எடுபடாது. மிரளுவதற்கு அவர் உம்முடைய முகத்தைப் பார்க்கவே மாட்டார். சின்னதாகக் கேட்டு, சின்னதாக வென்று, மெல்ல மெல்லப் புள்ளி சேர்க்க வேண்டும். பொடியளுக்கு இவ்வளவும் போதும். ஆனால் கிண்ணம் வேண்டுமென்றால், அவரையே உயர்த்திக் கேட்க வைக்க வேண்டும். அமைதியான மனிதன் தன் நிலையில் இல்லாதபோதுதான் அப்படிக் கேட்பான்.

நான் மருந்தாளராக வேலை பார்த்து இளைப்பாறியவன். மாஸ்ரருக்குச் சீனி வருத்தம் வந்தபோது இன்சுலின் ஊசி போடக் காட்டிக்கொடுத்தது நான்தான். ஊசி போட்டால் சாப்பாடு பிந்தக்கூடாது, இரத்தத்தில் சீனி இறங்கி நடுக்கமும் தடுமாற்றமும் வந்தால் உடனே வாயில் போட ஒரு பனங்கட்டித் துண்டு சட்டைப்பையில் எப்போதும் இருக்கவேண்டும் என்று சொன்னதும் நான். சொன்னபடியே நடந்தார், பாவம்.

போன வருட இறுதியாட்டத்தின்போது நீர் கொழும்பில். எங்கள் வழக்கம் உமக்குத் தெரியும்: கிண்ணம் யாருக்கென்று முடிந்த பிறகுதான் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும். கறி இறக்கியாயிற்று என்று அடுப்படியிலிருந்து சத்தம் வந்ததும் மாஸ்ரர் நாங்கள் விளையாடிய கொட்டிலுக்குப் பின்னால் போய் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் இருந்தது. அதன் பிறகு நான் கொஞ்சம் ஆறுதலாக, நேரமெடுத்து விளையாடினேன். சீட்டைக் கலைத்தேன், திரும்பவும் கலைத்தேன். புள்ளியை மறுபடி எண்ணச் சொன்னேன். யோசித்து விளையாடுவது குற்றமல்லவே. அடுப்படியில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

பசிக்கு ஆகட்டும் என்று சீனி போடாத வெறும் தேத்தண்ணி கொண்டுவந்தார்கள், கடித்துக் குடிக்க ஆளுக்கொரு பனங்கட்டித் துண்டுடன். சீனி வருத்தக்காரர் என்று மாஸ்ரருக்கு மட்டும் துண்டு வைக்கவில்லை. நான் என்னுடையதைக் கீழே விழவிட்டேன்.

"அண்ணை, உங்கடை பொக்கற்றிலை இருக்கிறதைத் தாறியளே?"

"ஓம் தம்பி, இந்தாரும். இனிச் சோறு தானே," என்று கடதாசியோடு முழுவதையும் தந்தார். வேறு யாரும் என்றால் பாதியை முறித்து வைத்திருப்பார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய சட்டை நனைந்துவிட்டது. சீட்டுகள் கையில் ஆடின.

"மாஸ்ரர், இப்பிடி வேர்க்குது, என்ன செய்யுது?" என்று அவருடைய சோடி, குருநகர் கனிசியஸ் கேட்டார்.

"ஒண்டுமில்லை. விளையாடுங்கோ."

"உந்தத் தகரக் கூரை வெக்கை," என்று நானும் சொன்னேன். மருந்து தெரிந்தவன் சொன்னதால் கனிசியஸ் அதை நம்பித் தன் சீட்டுக்குத் திரும்பினார்.

அடுத்த ஆட்டத்தில் மாஸ்ரர் இருநூறு புள்ளி கேட்டார். ஒருநாளும் கேளாத மனிதர். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள், கனிசியஸ் சந்தோசத்தில் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். கையில் நல்ல சீட்டு ஒன்றுமே இல்லாமல்தான் மாஸ்ரர் கேட்டிருந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்தது, அதை மறைக்கமாட்டேன். அவசரப்படாமல் ஒவ்வொரு பிடியாக எடுத்தேன். கடைசிச் சீட்டு விழுந்ததும் மாஸ்ரர் மேசையில் தலையைச் சாய்த்தார். தோற்ற வெட்கம் என்று நினைத்து, மரியாதைக்காக எல்லோரும் பேசாமல் நின்றார்கள். நானும் நின்றேன்.

தெல்லிப்பழை ஆசுப்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. வயது, இருதயம் என்று ஊர் தானாகவே தீர்மானித்தது. செத்தவீட்டில் அவருடைய மனைவி இராசம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீர் பக்கத்திலை இருந்தது எனக்குப் பெரிய ஆறுதல், தம்பி," என்றார். இந்த வருடத்திலிருந்து கிண்ணத்துக்கு மாஸ்ரரின் பெயர் வைக்கவேண்டும் என்று முன்மொழிந்ததும் நான்தான்.

அவரைக் கொல்ல நான் நினைக்கவில்லை. நிலை தவறி ஒரு தடவை உயர்த்திக் கேட்கட்டும் என்றுதான் நினைத்தேன். பனங்கட்டி வேண்டும் என்று வாய் திறந்து சொல்லியிருந்தால் அந்த நிமிடமே திருப்பிக் கொடுத்திருப்பேன். இருநூறு என்பதற்கு முன், அவர் என் பக்கம் சாய்ந்து, "தம்பி, அந்தப் பனங்கட்டி..." என்றது உண்மைதான். அது கடதாசிகூடப் பிரிக்காமல் என் சட்டைப்பையில் இருந்தது. ஆனால் அவர் வசனத்தை முடிக்கவில்லை. பாதியில் நின்ற பேச்சைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது எங்கள் போட்டி விதி. விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை.