நிறுத்த நிறுத்த வந்த குணேஸ்வரி

செத்துப்போன ஒரு பெண்ணைக் கிள்ளான் கப்பல் கம்பெனி ஆபீஸ் கம்ப்யூட்டரில் பிழைக்க வைத்து, அவள் புருஷன் கையாலேயே ஆயிரம் தடவை சாகடிக்க வைத்தவன் நான். எமனுக்குக்கூட அந்த வேலை கைவராது.

பிரிக்பீல்ட்ஸ் டீக்கடையில் இதைச் சொன்னால் மற்ற கிழங்கள் ஆற்றி வைத்த தே தாரிக்கை மறந்து கேட்கும். ரெங்கசாமி மட்டும், "புளுகாதலா அய்யாவு. பென்ஷன் வாங்கினதுலேருந்து ஒனக்கு வாய் நீண்டு போச்சு" என்பான். எங்கள் ஆபீஸ் வாசலில் ஜாகாவாக, காவலுக்கு நின்றவன் அவன். ஒருநாள் முழுக்கதையையும் அவன் எதிரிலேயே சொன்னேன்.

எண்பத்தொன்பதாம் வருஷம். பண்டமாரானிலிருந்து சிங்கப்பூர் வரை என்னளவுக்குக் கம்ப்யூட்டர் தெரிந்தவன் கிடையாது. ஆனாலும் சூப்பர்வைசர் நாற்காலியில் சீவரத்தினம் சார்தான் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். அதுதான் தொல்லை. நல்லவர்களை யாரும் நாற்காலியிலிருந்து எழுப்பிவிட மாட்டார்கள்.

அந்த வருஷம் அவர் மனைவி குணேஸ்வரி தவறிப்போனார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு செய்து அவரை வழியனுப்ப வேண்டும். ஆபீஸில் வருஷக் கடைசி வேலை குவிந்திருந்ததால் சார் அதை முந்தின ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிட்டார். நானும் போய்ச் சாப்பிட்டேன். வடை பிரமாதம். கை கழுவும்போது, "நாள் தப்பிச் செய்தனான். அவள் கோவிப்பாளோ?" என்று என்னிடம் கேட்டார்.

அவரே கேட்ட பிறகு நான் என்ன செய்வது?

எங்கள் மெஷினில் ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயரும் ஒரு எண்ணும் உண்டு. 'கில்' என்று தட்டி எண்ணைக் கொடுத்தால் அந்த வேலை செத்துவிடும். நான் இரண்டு வேலைகளை ஓடவிட்டேன். ஒன்றின் பெயர் குணா; சார் மனைவியைக் கூப்பிடுகிற பெயர். இன்னொன்று பிரிண்டர் வேலை மாதிரி பெயர் வைத்துக்கொண்டு காவல் இருக்கும். குணா செத்தால் அடுத்த நொடியே புது எண்ணோடு எழுப்பிவிடும். காவலை முதலில் கொன்றால் தீர்ந்தது. பிரிண்டரை யார் சந்தேகப்படுவார்கள்?

"அய்யாவு, இது என்னெண்டு ஒருக்கா பாரும். நிப்பாட்ட நிப்பாட்ட வருது."

"வைரஸா இருக்கும் சார். விடாம கில் குடுங்க."

குடுத்தார். பொறுமையாகப் பக்கத்தில் நின்று எண்களைப் படித்துச் சொன்னேன். முதல் வாரம் முழுக்கத் தட்டிக்கொண்டே இருந்தார். இரண்டாம் வாரம் நிறுத்துவதையே நிறுத்திவிட்டார். குணா ஓட ஓட மெஷின் நத்தையானது. கப்பல் வந்து நிற்க, சரக்குச் சீட்டு அச்சாகாமல் கிடந்தது. சார் ஸ்கிரீனுக்கு முன்னால் ஒரு கோப்பைத் தேநீர் வைத்து மெல்லப் பேசிக்கொண்டிருந்தார். மேனேஜர் பார்த்துவிட்டார். ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள்.

இத்தோடு விட்டிருக்கலாம் என்பீர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. கடைசி நாள், பெட்டி கட்டியபின் சார் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது. பக்கத்து ஸ்கிரீனில் உட்கார்ந்து காவலைச் சத்தமில்லாமல் கொன்றேன்.

"போறதுக்கு முன்ன ஒரு தடவை நிப்பாட்டிப் பாருங்க சார். உடனே புதுசா வருவாங்கல்ல, பாத்துட்டுப் போங்க."

முகம் மலர்ந்து தட்டினார். காத்திருந்தார். குணா வரவில்லை. மறுபடி பார்த்தார். வரவேயில்லை.

மெஷின் அன்று குதிரையாக ஓடியது. நாற்காலி எனக்கு வந்தது. ஆனால் ஒன்று, அந்தக் கடைசி 'கில்'லைத் தட்டியது நானில்லை. கொடுமை என் சுபாவத்திலேயே கிடையாது.

கதை கேட்ட மற்றவர்கள் கெக்கலித்தார்கள். ரெங்கசாமி சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"நடந்துச்சுதான். அவரு பெட்டிய நான்தான் தூக்கிட்டு வந்தேன். கேட்டுக்கு வெளிய, லோரி போற ரோட்டுல அப்படியே குந்திட்டாரு. 'ரெங்கசாமி, நானே அவளைக் கொன்று போட்டன்'னாரு. புத்தி பெரண்டு போச்சுன்னு நான் எல்லார்கிட்டயும் சொன்னேன்யா."