மூக்குக்கண்ணாடிக்கு ஒரு மாலை

“மாலையை மூக்குக்கண்ணாடிக்குத்தான் போடணும்கிறா அக்கா.”

ஜெலுத்தோங் போகும் டிராமில் எனக்கு முன் இருக்கையில் இருந்த இளைஞன் இப்படிச் சொன்னான். அவன் மடியில் செய்தித்தாளில் சுற்றிய படச்சட்டம் ஒன்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ரேடியோ நிலையத்தில் வேலை செய்கிறவர் என்பது பேச்சிலிருந்து புரிந்தது.

“உன் மச்சான் படம் வேற ஒண்ணுமே இல்லையா தம்பி?”

“இல்லண்ணே. நாளைக்குக் கருமாதி. போன வருஷம் கவர்மெண்டுக்காக உங்க நிலையத்துல வந்து எடுத்தாங்களே, அந்தப் படத்தைத்தான் கேட்டு வாங்கியாந்தேன்.”

“அதுல அவரு இல்லியே! ரேடியோவுல தமிழ்ச் செய்தி படிக்கிறவன யாரு பாக்கப் போறான்னு தினமும் வேட்டியோடதான் வருவாரு. படத்துக்குக் கோட்டு வேணும்னுட்டாரு தொரை. கோட்டு போட்டிருந்த, ஆபீசுல கணக்கெழுதுற கிராணி ஒருத்தர மைக்கு முன்னால உக்கார வச்சாங்க. உன் மச்சான் எந்திரிச்ச வேகத்துல கண்ணாடிய மேசையிலேயே விட்டுட்டாரு.”

“அந்தக் கண்ணாடி படத்துல விழுந்திருக்குண்ணே. பாத்ததுமே அக்காவுக்குத் தெரிஞ்சிருச்சு. உடைஞ்ச காம்புல நூல் சுத்திக் கொடுத்தவ அவதானே.”

இளைஞன் தாளை விலக்கிக் காட்டினான். படத்தின் மேல்பாதியை வெட்டியிருந்தான். மைக்கும் மேசையும் கண்ணாடியும் மிஞ்சியிருந்தன.

பெரியவர் குனிந்து பார்த்தார்.

“மூஞ்சிய எடுத்திட்ட, சரி. அந்தக் கிராணியோட கை இருக்கே தம்பி.”

“அது கண்ணாடி மேலயே இருக்குண்ணே. அதையும் வெட்டினா மச்சானும் போயிருவாரு.”